‘தீமேட்டிக்’ என்றால் எதை வைத்தார்கள் என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் சொல் விளக்கப் பகுதியில் கல்லூரி மாணவி ஒருவர், ‘தீமேட்டிக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள், அது எந்த மொழியிலிருந்து வந்தது என்று கேட்டிருந்தார். ‘கருப்பொருள் சார்ந்த, கிரேக்கம்’ என்று ஒரே வரியில் பதில் அச்சாகியிருந்தது. அகராதிகள் சொல்வதும் ஏறக்குறைய அதுதான். ஆனால் அந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மாணவி ஒரு பாடநூலின் ஒரு பத்தியைக்கூடத் தாண்ட முடியாது. ‘தீமேட்டிக்’ ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு வேலை செய்கிற சொல். அது பிறந்த இடத்தைத் தெரிந்துகொண்டால்தான் அத்தனை வேலைகளுக்குள்ளும் ஓடும் இழை கண்ணுக்குத் தெரியும். ‘கருப்பொருள்’ என்ற சொல் அந்த இழையை மறைத்துவிடுகிறது.

மொழிபெயர்ப்புப் பாடநூல்களுக்கு மெய்ப்புப் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இசை வரலாறு, உளவியல், நிலப்படவியல், மொழியியல் என்று எந்தத் துறை நூல் மேசைக்கு வந்தாலும் எங்காவது ஒரு பக்கத்தில் இந்தச் சொல் வழிமறிக்கும். மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் ‘கருப்பொருள் சார்ந்த’ என்ற ஒரே சாவியைக் கொண்டு எல்லாப் பூட்டுகளையும் திறக்கப் பார்ப்பார்கள். அதனால் வந்த குழப்பங்களை நேரில் பார்த்தவள் என்பதால் எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். சுருக்கிச் சொன்னதால்தான் இவ்வளவு வினையும்.

‘தீம்’ என்ற சொல்லின் மூலம் கிரேக்கத்தின் ‘தெமா’. அது ‘திதேமி’ என்ற வினையிலிருந்து பிறந்தது. ‘திதேமி’ என்றால் வைக்கிறேன். கிரேக்கத்தில் வினை வேரோடு ‘மா’ சேர்ந்தால் அந்த வினையால் விளைந்த பொருளைக் குறிக்கும். நமக்கு எழுது என்பதிலிருந்து எழுத்து, பாடு என்பதிலிருந்து பாட்டு, வை என்பதிலிருந்து வைப்பு. ‘தெமா’வுக்கு நேரான தமிழ் இந்த ‘வைப்பு’தான். ஒருவர் கொண்டுவந்து முன்னால் வைத்தது. சபையில் வைத்தால் விவாதப் பொருள். மாணவர் முன் வைத்தால் கட்டுரைத் தலைப்பு. இசையமைப்பவர் தம் படைப்பின் தொடக்கத்தில் வைத்தால் அந்தச் சுரக்கோவை. ஒவ்வொரு இடத்திலும் வைத்தவர் ஒருவர் இருக்கிறார், வைத்த பொருள் ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது. (‘தெமா’வை நீட்டிச் சொன்னால் நம் யாப்பிலக்கணத்துத் தேமா ஆகிவிடும், இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.)

உண்மையான உறவினர்கள் வேறு பெயர்களில் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். வைத்தலைக் குறிக்கும் இந்தக் கிரேக்க வேரும், வடமொழியில் அதே பொருள் தரும் ‘தா’ என்ற வேரும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்பது ஒப்பியல் மொழிநூலார் நிறுவிய செய்தி. ஆங்கிலத்தில் செய் என்று பொருள்படும் ‘டூ’கூட அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. நிதி, விதி, சந்தி, பிரதானம், சிரத்தை என்று வடசொல்லாக வந்து தமிழில் குடியேறியவை எல்லாம் அந்தத் ‘தா’வின் வழிவந்தவை. நிதி, பத்திரமாக வைக்கப்பட்டது. விதி, இன்னது இன்னபடி என்று வகுத்துவைக்கப்பட்டது. சந்தி, சேர்த்துவைக்கப்பட்டது. கிரேக்கத்தில் சேர்த்துவைத்தலுக்கு ‘சின்தெசிஸ்’ என்று பெயர். வேதியியல் மாணவர்கள் சொல்லும் ‘சிந்தசிஸ்’ அதுதான். ஆய்வாளர் தம் முடிபு இது என்று முன்வைப்பதால் ‘தீசிஸ்’. வாதத்துக்கு அடியில் வைப்பதால் ‘ஹைப்பாதிசிஸ்’. வாக்கியத்துக்கு நடுவே செருகி வைப்பதால் ‘பேரன்தசிஸ்’, அதாவது அடைப்புக்குறி. இந்தக் கூட்டத்திலேயே விசித்திரமான வரலாறு ‘அனதெமா’வுடையது. கோயிலில் தெய்வத்துக்கென்று உயர்த்திவைத்த காணிக்கையைக் குறித்த சொல் அது. விவிலியத்தின் கிரேக்க மொழிபெயர்ப்பில் ‘அழிவுக்கென ஒப்படைக்கப்பட்டது’ என்ற பொருளை ஏற்று, கடைசியில் சாபத்துக்கும் விலக்கத்துக்கும் பெயராக நின்றுவிட்டது.

மாணவி கேட்காத, ஆனால் தமிழர்தான் எல்லோரையும்விட எளிதாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு கேள்வி உண்டு. ‘தீம்’ என்பதில் இல்லாத டகர ஒலி ‘தீமேட்டிக்’கில் எங்கிருந்து முளைத்தது? ‘தீமிக்’ என்று ஏன் வரவில்லை?

மரம் என்ற சொல்லோடு ஐ உருபைச் சேர்த்தால் ‘மரமை’ என்று எவரும் சொல்வதில்லை. மரத்தை என்கிறோம். மரத்தின், மரத்தில், மரத்துக்கிளை. எழுவாயாக நிற்கும்போது மகர ஈறு. வேற்றுமை ஏற்க முன்வந்தால் மகரம் விலகி அத்துச் சாரியை வந்து நிற்கும். தொல்காப்பியமும் நன்னூலும் சாரியை வரிசையில் அத்துக்கு இடம் கொடுத்திருக்கின்றன. கிரேக்கத்தில் ‘மா’வில் முடியும் இந்த வகைப் பெயர்களும் இப்படியே நடந்துகொள்கின்றன. தனித்து நின்றால் ‘தெமா’. ‘தெமாவினுடைய’ என்று சொல்ல வந்தால் ‘தெமாத்தோஸ்’. பெயரடை ஆக்க வேண்டுமானால் அந்த வேற்றுமை அடியோடுதான் ‘இக்கோஸ்’ சேரும்: ‘தெமாத்திக்கோஸ்’. அதை ஆங்கிலம் வாங்கி, வாலை நறுக்கி, ‘தீமேட்டிக்’ ஆக்கிக்கொண்டது. தமிழும் கிரேக்கமும் ஒரு குடும்பத்து மொழிகள் இல்லை. ஆனாலும் இந்த நடத்தையில் இரண்டும் ஒத்துப்போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். இந்த ஒரு விதி பிடிபட்டுவிட்டால் டிராமாவிலிருந்து டிரமேட்டிக், சிஸ்டத்திலிருந்து சிஸ்டமேட்டிக், சிம்ப்டத்திலிருந்து சிம்ப்டமேட்டிக், ப்ராப்ளத்திலிருந்து ப்ராப்ளமேட்டிக் வருவதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மேத்தமேட்டிக்ஸிலும் இதே டகரம்தான் இருக்கிறது. ஆனால் அதன் ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கு நடுவே ‘தீமேட்டிக்’ முழுதாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. அது ‘கற்கப்பட்டது’ என்று பொருள்படும் ‘மாதேமா’ என்ற வேறொரு சொல்லின் பிள்ளை.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். ‘இக்’ ஈறு வந்தால் அழுத்தம் அதற்கு முந்தைய அசையில் விழும். அதனால் ‘தீம்’ என்பதில் நீண்டு ஒலித்த முதல் உயிர் ‘தீமேட்டிக்’கில் பெரும்பாலும் குறுகிவிடும், ‘மேட்’ எடுப்பாகக் கேட்கும்.

கிரேக்கர்களும் ரோமானியர்களும் இந்த வைப்பை எங்கெல்லாம் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தால் ‘கருப்பொருள்’ எவ்வளவு குறுகிய சட்டை என்பது விளங்கும். ஒருவர் பிறந்த நேரத்தில் கோள்கள் எங்கெங்கே வைக்கப்பட்டிருந்தன என்பதைக் காட்டும் ஜாதகத்துக்கும் ‘தெமா’ என்றுதான் பெயர். பேரரசர் அகஸ்டஸ் தம்முடைய ‘தெமா’வை ஊரறிய வெளியிட்டார், தாம் பிறந்த மகர ராசியின் குறியைப் பொறித்து வெள்ளி நாணயமும் அடித்தார் என்று வரலாற்றாசிரியர் ஸுவெடோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். பைசாந்தியப் பேரரசில் படையும் நிலமும் சேர்ந்த ஆட்சிப் பிரிவுகளை ‘தெமா’ என்றார்கள். அனடோலிக்கோன், ஆர்மேனியாக்கோன், ஓப்சிக்கியோன் என்று அவற்றுக்குப் பெயர்கள். அந்தப் பிரிவுகளின் படைகளை வரலாற்று நூல்கள் இன்றும் ‘தீமேட்டிக் படைகள்’ என்றுதான் எழுதுகின்றன. அதைக் ‘கருப்பொருள் சார்ந்த படைகள்’ என்று தமிழாக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இடைக்கால ஐரோப்பாவில் மறையுரை ஆற்றுபவர் முதலில் ஒரு விவிலிய வசனத்தை எடுத்து வைப்பார். உரை முழுவதும் அதன் கிளைகளாக விரியும். அந்த வசனந்தான் உரையின் ‘தெமா’. பழைய பிரெஞ்சு வழியாகவும் இலத்தீன் வழியாகவும் ஆங்கிலத்துக்குள் வந்த ‘தீம்’, தொடக்கக் காலத்தில் இந்தப் பொருளையும் சுமந்துகொண்டே வந்தது. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் கதைமாந்தருள் ஒருவன், பாவமன்னிப்புச் சீட்டு விற்பவன், ‘என் தீம் எப்போதும் ஒன்றே’ என்று சொல்லிப் பொருளாசையே தீமைகளின் வேர் என்ற இலத்தீன் வசனத்தைக் கூறுகிறான். ‘தீமேட்டிக்’ ஆங்கிலத்துக்கு வந்தது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான்.

இனி நான் நேரில் கண்ட இரண்டு மெய்ப்புத் தாள்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒன்று மேற்கத்திய இசை வரலாற்று நூல். லுட்விக் ஃபான் கேஷெல் என்பவர் 1862இல் மோட்சார்ட்டின் படைப்புகள் அனைத்துக்கும் ஓர் அட்டவணை வெளியிட்டார். இன்றும் இசைத்தட்டு உறைகளில் மோட்சார்ட் படைப்பின் பெயருக்குப் பின்னால் ‘கே’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்குமே, அது கேஷெல் கொடுத்த எண். இறுதிப் படைப்பான இறந்தோர் வழிபாட்டு இசைக்கு எண் 626. அந்த அட்டவணையின் ஜெர்மன் தலைப்பிலேயே ‘காலவரிசைப்படியான, தீமேட்டிக்’ என்ற அடைகள் இருக்கின்றன. மெய்ப்புத் தாளில் அது ‘காலவரிசைப்படியும் கருப்பொருள் வாரியாகவும் அமைந்த அட்டவணை’ என்று இருந்தது. படிப்பவர் என்ன நினைப்பார்? காதல் பற்றியவை, போர் பற்றியவை, மரணம் பற்றியவை என்று பிரித்து அடுக்கியதாகத்தானே? அப்படி எதுவும் இல்லை. ஒவ்வொரு படைப்பும் எந்தச் சுரங்களில் தொடங்குகிறதோ அந்த முதல் சில சுரங்களை இசைக்குறியீட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதுதான் ‘தீமேட்டிக்’. ஒரே சுருதியில் ஒரே பெயரில் பல துண்டுகள் எழுதியவருக்கு, எது எது என்று அடையாளம் காண வேறு வழி இல்லை. மோட்சார்ட்டே 1784 முதல் தமக்கென்று வைத்திருந்த குறிப்பேட்டில் இடப்பக்கம் தேதியும் படைப்பின் விவரமும் எழுதி, வலப்பக்கம் தொடக்கச் சுரங்களைக் குறித்துவந்தார்.

இதற்கு நம்மிடம் சொல் இல்லையா? எந்தப் பழந்தமிழ்ப் பதிப்பின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாலும் ‘பாட்டு முதற்குறிப்பு அகராதி’ இருக்கும். தலைப்பு இல்லாத ஆயிரம் பாடல்களுள் ஒன்றை அதன் முதல் சீர்களைக் கொண்டு கண்டுபிடிப்பதற்காகப் பதிப்பாசிரியர்கள் செய்துவைத்த ஏற்பாடு. கேஷெல் செய்ததும் அதே வேலை. தாளின் ஓரத்தில் ‘முதற்குறிப்பு அட்டவணை’ என்று எழுதி அனுப்பினேன். நூல் அப்படியே வெளிவந்தது.

இரண்டாவது, மொழியியல் பாடநூல். அதில் ‘கருப்பொருள் உயிரெழுத்து’ என்று ஒரு தொடர். கீழே விளக்கம்: ‘கிரேக்க வினைகள் கருப்பொருள் உள்ள வினைகள், கருப்பொருள் இல்லாத வினைகள் என இருவகைப்படும்.’ இதைப் படித்த மாணவர் பொருளே இல்லாத வினைகள் சில கிரேக்கத்தில் உண்டு என்றுதான் தேர்வில் எழுதுவார். விஷயம் மிக எளியது. பண்டைக் கிரேக்க இலக்கணிகள் ஒரு சொல்லின் அடிப்படை வடிவத்தை, அதாவது மற்ற வடிவங்களைக் கட்டுவதற்கு முதலில் வைத்துக்கொள்ளும் வடிவத்தை, ‘தெமா’ என்றார்கள். பின்னால் வந்த மொழிநூலார், வேரையும் விகுதியையும் இணைத்து அந்த அடியை உருவாக்கும் எகர ஒகர உயிருக்கு ‘தீமேட்டிக்’ என்ற அடைமொழியைக் கொடுத்தார்கள். ‘சொல்கிறோம்’ என்பதற்குக் கிரேக்கம் ‘லெகொமென்’. இதில் லெக் வேர், மென் விகுதி, நடுவில் நிற்கும் ஒகரம் அந்த உயிர். ‘சொல்கிறீர்கள்’ என்றால் ‘லெகெதெ’. அங்கே அது எகரமாகிவிடும். வடமொழியில் ‘பவதி’யின் நடுவில் வரும் அகரமும் இந்த இனந்தான்; ‘அஸ்தி’யில் அது இல்லை, வேரோடு விகுதி நேராக ஒட்டிக்கொள்கிறது. வேரை அடிச்சொல் ஆக்குவதால் ‘அடியாக்க உயிர்’ என்றால் போதும். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பகுபதத்தை ஆறாகப் பிரித்துப் பழகிய மாணவர்களுக்கு இது ஒரு நொடியில் புரிந்துவிடும். வைக்கிறேன் என்று பொருள்படும் ‘திதேமி’, இந்தச் சொற்குடும்பத்துக்கே தாயான அந்த வினை, நடுவில் இந்த உயிர் இல்லாத வகையைச் சேர்ந்தது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லலாம். அதன்பிறகு மறக்கவே மாட்டார்கள்.

நிலப்படங்களில் சொல்லின் வேலை வேறு. மலை, ஆறு, ஊர், சாலை எல்லாவற்றையும் காட்டும் பொதுப்படம் ஒரு வகை. ஒன்றை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு அது எங்கெங்கே எவ்வளவு என்று காட்டுவது இன்னொரு வகை. அதுதான் தீமேட்டிக் மேப். எட்மண்ட் ஹாலி 1686இல் வெளியிட்ட படத்தில் கடல்மீது சிறுசிறு கோடுகளாகக் காற்று மட்டுமே வீசிக்கொண்டிருக்கும். 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ தயாரித்த படத்தைப் பாருங்கள். தெருக்கோடுகள் மெலிதாக ஓடுகின்றன. இறப்பு நேர்ந்த வீட்டுக்கு எதிரே, இறந்தவர் ஒருவருக்கு ஒரு கறுப்புப் பட்டை. சில வீடுகளுக்கு எதிரே பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிற்கின்றன. தெருக் குழாய்கள் தனியே குறிக்கப்பட்டிருக்கின்றன. பிராட் தெருக் குழாயை நெருங்க நெருங்கக் கறுப்பு அடர்ந்துகொண்டே போகிறது. அந்தப் படத்தில் அவர் வைத்தது இரண்டு: சாவு, தண்ணீர். இதற்கு விளக்கக் குறிப்பு எழுதும் செய்தியாளர் ‘கருப்பொருள் சார்ந்த வரைபடம்’ என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவுமே கிடைக்கவில்லை. ‘காலரா இறப்புப் படம்’ என்றால் எல்லாமே கிடைத்துவிடுகிறது.

இங்கேதான் நான் தங்களிடம் வலியுறுத்த விரும்புவது இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் பெயரடை வேண்டும். ‘இக்’ சேர்க்காமல் அதனால் பல இடங்களில் நகர முடியாது. தமிழுக்குத் தொகை இருக்கிறது. தண்ணீர்க் குடம் என்றால் தண்ணீரை உடைய குடம் என்று குழந்தைக்கும் தெரியும். உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று இலக்கணம் அதற்குப் பெயர் கொடுத்திருக்கிறது. அந்த வழியில் மழைப் படம், மக்கள்தொகைப் படம், பறவைத் தபால்தலைகள், ரயில் தபால்தலைகள் என்று எழுதினால் ‘சார்ந்த’, ‘ரீதியான’, ‘அடிப்படையிலான’ என்ற ஊன்றுகோல்கள் எவையும் தேவையில்லை. வைத்த பொருளின் பெயரையே சொல்லிவிடுகிறோம். வணிகப் பக்கத்தில் ‘தீமேட்டிக் ஃபண்ட்’ என்று வரும்போதும் இதையே கேட்டுக்கொள்ளுங்கள்: எதை வைத்த நிதி? மின்வாகனங்களோடு தொடர்புடைய நிறுவனங்களில் மட்டும் முதலிடுகிறது என்றால் ‘மின்வாகனத் துறைகளின் நிதி’ என்று எழுதுங்கள். சேமிப்பைப் போடுகிற மனிதருக்கு எல்லா முட்டைகளும் எந்தக் கூடையில் இருக்கின்றன என்பது தலைப்பிலேயே தெரிந்தாக வேண்டும். பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்துக்கு ‘பொருள்வாரி’ என்ற நல்ல சொல் நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. பொருள்வாரி நிலப்படங்கள், பொருள்வாரித் தொகுப்பு என்பவற்றில் என்ன குறை?

பொருள்வாரியாக வைப்பது நமக்கு யாரும் வந்து கற்றுத்தந்த வித்தையும் இல்லை. திவாகர நிகண்டு தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று சொற்களைப் பொருளைக் கொண்டே தொகுதி தொகுதியாக வைத்திருக்கிறது. எழுத்து வரிசையை முதன்மையாகக் கொண்ட அகராதி நிகண்டு 1594இல்தான் வருகிறது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல். ஆங்கிலத்தில் சொற்களைக் கருத்து வாரியாக அடுக்கிய ரோஜேயின் தொகுப்பு அச்சேறிய ஆண்டு 1852. ‘தீமேட்டிக் டிக்ஷனரி’ என்று ஒரு கட்டுரையில் வந்தால், தயங்காமல் நிகண்டு என்று எழுதலாம்.

‘கருப்பொருள்’ என்ற சொல்மீது எனக்குள்ள வருத்தம் இன்னும் ஒன்று. இலக்கியத் திறனாய்வில் ‘தீம்’ என்பதற்கு அது நிலைபெற்றுவிட்டது. கதையின் கரு என்று பேச்சிலும் சொல்கிறோம், அதை இனி அசைக்க முடியாது, அசைக்கவும் வேண்டாம். ஆனால் சங்க இலக்கியம் பற்றிய கட்டுரைகளில் அது பெரும் கலவரத்தை உண்டாக்குகிறது. தொல்காப்பியத்தில் கரு என்பது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று ஒரு நிலத்துக்கு உரிய பொருள்கள். பாட்டு எதைப் பற்றியது என்பதைச் சொல்வது உரிப்பொருள்: புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். ஆக, ஆங்கிலத்தில் ‘குறிஞ்சிப் பாடல்களின் தீம்’ என்று ஓர் ஆய்வாளர் எழுதினால் அவர் சொல்வது புணர்தலை. அதைக் ‘குறிஞ்சியின் கருப்பொருள்’ என்று திருப்பினால் முருகனும் தினையும் மயிலும் வேங்கை மரமும் வந்து நிற்கும். ஆய்வாளர் சொன்னது ஒன்று, வாசகருக்குப் போய்ச் சேர்ந்தது நேர் மற்றொன்று. திணை இலக்கியம் பேசப்படும் பக்கங்களிலாவது ‘தீமேட்டிக்’ என்பதை உரிப்பொருளோடு இணைத்து எழுதும்படி தங்கள் உதவி ஆசிரியர்களுக்குச் சொல்லுங்கள். புறப்பாடல்களுக்கு இன்னும் நுட்பமான ஏற்பாடே இருக்கிறது. புறநானூற்றுப் பாடல்களின் கீழே திணையும் துறையும் குறித்திருப்பார்கள். அந்தத் துறைக்குறிப்பு பாட்டின் பொருளை மிகத் துல்லியமாக வகுத்துச் சொல்லும்.

உளவியல் நூல்களில் ‘தீமேட்டிக் அப்பர்செப்ஷன் டெஸ்ட்’ என்ற தேர்வு வரும். ஹென்றி மரேயும் கிறிஸ்டியானா மார்கனும் 1930களில் ஹார்வர்டில் உருவாக்கியது. 31 அட்டைகள், அவற்றுள் ஒன்று வெறும் வெள்ளை. மற்றவற்றில் யார், எங்கே, ஏன் என்று தெளிவாகச் சொல்லாத காட்சிகள். பார்ப்பவர் ஒரு கதை சொல்ல வேண்டும்: இதற்கு முன் என்ன நடந்தது, இப்போது என்ன நடக்கிறது, இவர்கள் மனத்தில் என்ன ஓடுகிறது, முடிவு என்ன. படத்தில் எதுவும் உறுதியாக வைக்கப்படவில்லை. பார்ப்பவர்தான் தம் உள்ளத்திலிருந்து எடுத்து வைக்கிறார். வெள்ளை அட்டையைக் கையில் கொடுத்தால் காட்சியையும் அவரே வைத்தாக வேண்டும். சொல்லின் ஆதிப் பொருள் இவ்வளவு சுத்தமாக நிற்கும் இடம் வேறு இல்லை என்று எனக்குத் தோன்றும்.

கடைசியாக, ஆய்வு மாணவர்களுக்கு உண்மையிலேயே தொல்லை தரும் இடம். நேர்காணல்களைப் பதிவுசெய்து எழுதி, அவற்றைத் திரும்பத் திரும்பப் படித்து, ஒத்த கூறுகளைக் குறித்து, அவற்றிலிருந்து ‘தீம்’களை வகுப்பதற்குத் ‘தீமேட்டிக் அனாலிசிஸ்’ என்று பெயர். வர்ஜினியா பிரவுன், விக்டோரியா கிளார்க் இருவரும் 2006இல் எழுதிய கட்டுரை இதற்கு ஆறு கட்டங்களை வகுத்துக் கொடுத்தது. பல துறை ஆய்வேடுகளும் இன்று அதைப் பின்பற்றுகின்றன. மாணவர்கள் இதைக் ‘கருப்பொருள் பகுப்பாய்வு’ என்று எழுதிவிட்டு, ‘தரவுகளிலிருந்து ஐந்து கருப்பொருள்கள் வெளிப்பட்டன’ என்று தொடர்கிறார்கள். அந்தக் கட்டுரையாளர்கள் மறுப்பதே இதைத்தான். தீம் என்பது தரவுக்குள் புதைந்து கிடந்து தானே எழுந்து வருவது அன்று. ஆய்வாளர் தம் பார்வையோடும் கேள்வியோடும் படித்து, தேர்ந்து, வகுத்து வைப்பது. அந்தப் பொறுப்பை அவர் தட்டிக்கழிக்க முடியாது. கரு என்று சொல்லும்போது அது ஏற்கெனவே உள்ளே வளர்ந்துகொண்டிருந்தது என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. சொல்லே மாணவரைத் தவறான பக்கம் தள்ளுகிறது. ‘பொருள்வகுப்பு ஆய்வு’ என்று நான் சிலருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வகுப்பவர் ஒருவர் இருக்கிறார் என்பது அதில் தெரிகிறது. ஆனால் ‘வகுப்பு’ என்றதும் பள்ளி வகுப்பறை நினைவுக்கு வருகிறது என்று ஒரு மாணவர் சொன்னார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இதைவிடப் பொருத்தமான தமிழ் தங்கள் வாசகர் யாரிடமாவது இருக்கும். அதே சொல் விளக்கப் பகுதியில் அவர்களைக் கேட்டு எழுதுங்கள். வரும் விடைகளைச் சுருக்காமல் வெளியிடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர்